துண்டளவு மஃப்ளர்

ஸ்ட்ராஸ்பூர்க்
9 ஜூன் 2024

அன்புள்ள அண்ணிக்கு,

போனில் சொல்ல முடியாததால்தான் இந்தக் கடிதம். நான் கூப்பிட்டாலே அம்மா ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறார். நீங்களும் "சாப்பிட்டியா நித்யா?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விடுகிறீர்கள். விடுமுறைக்கு ஊருக்கு வரும் ஜவஹர் அலி அண்ணனிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். உங்கள் கையில்தான் சேர வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன்.

எனக்கு நாலாவது மாதம் நடக்கிறது. அதை அம்மா சொல்லியிருப்பார். அவர் சொல்லாததை நான் சொல்கிறேன். மூன்று வருஷத்துக்கு முன்னால் என் முதல் பிள்ளை ஐந்தாம் மாதத்தில் தங்காமல் போனது, நீங்கள் பின்னி அனுப்பிய சின்னக் காலுறையால் இல்லை. பிறக்கும் முன்பே பிள்ளைக்குத் துணி சேர்த்தால் ஆகாது என்பது நம் வீட்டு வழக்கம், சரி. அதற்காக, "இவ அவசரப்பட்டுப் பின்னினா, அது தங்கல" என்று அம்மா உங்கள் முகத்துக்கு நேரே சொன்னது எனக்கு இன்னும் ஆறவில்லை. டாக்டர் காரணத்தைத் தெளிவாகச் சொன்னார். கோளாறு என் உடம்பில் இருந்தது, உங்கள் கையில் இல்லை.

அன்றைக்கு விட்ட ஊசியை நீங்கள் திரும்ப எடுக்கவே இல்லையாமே, அண்ணன் சொன்னார். இங்கே டிசம்பர் குளிர் எலும்புக்குள் இறங்கும். எனக்கு ஒரு மஃப்ளர் பின்னித் தருவீர்களா? பிள்ளைக்கு இல்லை, எனக்குத்தான்.

பிரியமுள்ள
நித்யஸ்ரீ


திருவேட்டக்குடி
21 ஜூலை 2024

அன்பு நித்யாவுக்கு,

ஜவஹர் அலியின் அம்மா ஆஸியா பீவி அக்கா வீட்டிலேயே உட்கார்ந்து உன் கடிதத்தைப் படித்தேன். அழுதேன் என்று சொல்ல எனக்கு வெட்கமில்லை. உன் அம்மா சொன்ன சொல் மீன்முள் மாதிரி தொண்டையில் கிடந்தது. நீ எடுத்துவிட்டாய். நல்லா இரு.

காரைக்காலில் நூல் வாங்கப் போனேன். "இந்த வெயில்ல கம்பளியா? யாருக்கும்மா?" என்றார் கடைக்காரர். "பிரான்சுல இருக்குற என் நாத்தனாருக்கு" என்றேன், கொஞ்சம் கெத்தாகத்தான். சாமந்தி மஞ்சள்.

உன் அண்ணன் துறைமுகத்துக்கு வேலைக்குப் போய், அத்தையும் கண்ணயர்ந்த பிறகு பீவி அக்கா வீட்டுக்கு வந்து பின்னுகிறேன். கை மறந்திருந்தது. முதல் வரிகளை அவிழ்த்து அவிழ்த்துப் போட்டேன். வியர்வையில் நூல் விரலோடு ஒட்டுகிறது என்று பவுடர் பூசிக்கொண்டால், "நீ கம்பளி பின்றியா, கேரம் ஆடுறியா?" என்று கேட்கிறார் பீவி அக்கா. மஃப்ளரை நான் எங்கே கட்டினேன்? உன் அண்ணன் தோளில் போடும் துண்டைத்தான் அளவு வைத்திருக்கிறேன்.

இது உனக்கு. உன் கழுத்துக்கு. உனக்கு மட்டும். போதுமா, இன்னொரு தரம் எழுதட்டுமா?

உன் அண்ணி
தாமரைச்செல்வி


ஸ்ட்ராஸ்பூர்க்
8 செப்டம்பர் 2024

அன்புள்ள அண்ணிக்கு,

பார்சல் வந்தது. அண்ணி, மஃப்ளர் என்றால் ஒரு சாண் அகலம்! கழுத்தில் சுற்றினேன், மூக்கு, காது எல்லாம் உள்ளே போய்விட்டது. என் வீட்டுக்காரர் பார்த்துவிட்டு, "இத ரெண்டு பேரு போத்திக்கலாமே" என்றார். சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டார். நானும் காதில் விழாத மாதிரி இருந்துவிட்டேன்.

அதனால் தோளில்தான் போர்த்திக்கொள்கிறேன். சமைக்கும்போதும் தூங்கும்போதும் அதுதான். ஐந்தாம் மாதம் எப்போதோ தாண்டிவிட்டது. தாண்டிய அன்று நான் யாரிடமும் எதுவும் பேசவில்லை. உங்களுக்கு மட்டும் எழுதுகிறேன்.

பிரியமுள்ள
நித்யஸ்ரீ


ஸ்ட்ராஸ்பூர்க்
14 டிசம்பர் 2024

அன்புள்ள அண்ணிக்கு,

போனில் கேட்டிருப்பீர்கள். பெண் குழந்தை. அறிவுமதி என்று பெயர். அழுகிறாள் பாருங்கள், மாடி வீட்டுக்காரர்களுக்கும் தூக்கமில்லை.

அம்மா பேச்சைக் கேட்டு ஒரு துணிகூட வாங்கி வைக்கவில்லை. ஆஸ்பத்திரியில் வெள்ளைத் துணி சுற்றினார்கள். மேலே போர்த்த வீட்டிலிருந்து என்ன கொண்டுவந்தீர்கள் என்று நர்ஸ் கேட்டபோது, இவர் பேந்தப் பேந்த விழித்தார். வலி எடுப்பதற்கு முந்தின நாள்தான் உங்கள் மஃப்ளரைத் துவைத்துப் பையில் வைத்திருந்தேன். எடுத்துக் கொடுத்தேன். பிறந்த பிள்ளைக்கு முதலில் பெரியவர்கள் உடுத்திய பழந்துணியைத்தானே சுற்றுவோம்? நான் மூன்று மாதம் போர்த்திப் பழசாக்கிய துணி. வழக்கத்துக்கும் குறைவில்லை, அளவும் அத்தனை சரி.

வீடியோவில் பார்த்துவிட்டு, "ஏது இது?" என்றார் அம்மா. ஸ்பீக்கர் போட்டிருந்தது. தெரிந்தேதான் உரக்கச் சொன்னேன்: "தாய்மாமன் வீட்டுச் சீரும்மா. அண்ணி பின்னுனது. எம் புள்ள அதுலதான் தூங்குறா." நீங்கள் அடுப்படியில் இருந்தீர்களா? உங்கள் காதில் விழுந்ததா?

உங்களுக்கு நன்றி சொல்வது அந்நியமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் சொல்கிறேன், அண்ணி. நன்றி.

நித்யஸ்ரீ


திருவேட்டக்குடி
5 ஜனவரி 2025

அன்பு நித்யாவுக்கும் மதிக்குட்டிக்கும்,

விழுந்தது. அப்படியே நின்றுவிட்டேன், குழம்பு அடிபிடித்துப் போனது. உன் அம்மா அடிபிடித்த குழம்பை வாய் திறக்காமல் சாப்பிட்டதை இந்த வீடு அன்றைக்குத்தான் பார்த்தது.

பிறகு அந்தப் பேச்சே எழவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை. எனக்கு உன் வார்த்தையே போதும், நித்யா. அந்தப் பிள்ளை என் கைவேலையில் தூங்குகிறாள் என்பதை நினைத்து நினைத்துச் சிரித்துக்கொண்டு திரிந்தேன். உனக்கும் நன்றி, உன் அம்மா போட்டுவைத்த ஸ்பீக்கருக்கும் நன்றி.

நேற்று விடியலில் கோலம் போட்டுவிட்டு உள்ளே வந்தேன். அத்தை முக்காடு போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என் முகத்தைப் பார்க்காமல், "மார்கழிப் பனி காதுல ஏறுது. எனக்கு ஒரு குல்லா பின்னித் தர்றியா செல்வி?" என்றார்.

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அதைக் காட்டிக்கொள்ளாமல், "என்ன கலர் அத்தே?" என்றேன். "ஒனக்குப் புடிச்சதப் போடு" என்றார்.

அளவு எடுக்க வேண்டும் என்றேன். அத்தை முக்காட்டை எடுத்துவிட்டுத் தலையைக் குனிந்து காட்டினார்.

உன் அண்ணி
தாமரைச்செல்வி