தனி ஆளுக்கு ரூம் இல்லை

இன்று காலை லாட்ஜ் கவுன்ட்டர் முன்னால் சந்தன வாசனை அடித்தது. நிமிர்ந்து பார்த்தேன். புதிதாக மொட்டையடித்த தலை, ஐம்பது வயது இருக்கும், கூட யாரும் இல்லை. பக்கத்து நாற்காலியில் நீ இருந்திருந்தால் அவர் வாய் திறக்கும் முன்பே அனுப்பியிருப்பாய்.

திருச்சானூரில் லாட்ஜ் வேலைக்கு வருகிறவன் முதலில் கற்றுக்கொள்வது இதைத்தான்: தனியாக வருகிறவருக்கு ரூம் கிடையாது. மலைமேல் பெருமாள் இருக்கிறார், கீழே தாயார் இருக்கிறார். இருந்தும் சிலர் தனியாக வந்து, ரூம் எடுத்துச் செத்துப்போகிறார்கள். "சாவறவன் பக்கத்து லாட்ஜுல சாவட்டும் நைனா" என்பார் முதலாளி. பக்கத்து லாட்ஜ்காரரும் அதையே சொல்லி இங்கே அனுப்புவார். இப்படித் தெருக்கோடிவரை நடக்கவிட்டு, களைப்பிலேயே ஆளைப் பிழைக்க வைத்துவிடலாம் என்று நம்பினோம்.

அந்த வேலையில் உன்னை மிஞ்ச ஆளில்லை. "மூஞ்சிய பாக்காத, பைய பாரு. மாத்துத்துணி எடுத்துக்கினு வரலன்னா அனுப்பிடு" என்பாய். மருந்து விற்க வந்த ஒருவரை நீ விடாமல் திருப்பி அனுப்ப, அவர் கடைசியில் வெடித்தார்: "தூங்கறதுக்கு ஒரு கல்யாணம் பண்ணிக்கினு வரணுமாய்யா?" நீ சிரிக்கவே இல்லை.

பிறகு நீ உயிரை மாய்த்துக்கொண்டாய். உன் வீட்டில், விடுமுறை நாளில். மனைவி, இரண்டு பிள்ளைகள், நகரியில் சொந்த நிலம். நம் விதிப்படி உனக்கு ஏசி ரூமே கிடைத்திருக்கும். துக்கத்துக்கு வந்த முதலாளி என் காதோரம் சொன்னார்: "நல்ல மனுசன். லாட்ஜுல பண்ணிக்கல." உனக்குக் கிடைத்த இரங்கல் அவ்வளவுதான். மற்றவர்கள் "அவனுக்கு இன்னா கொற?" என்று கேட்டபடி காபி குடித்தார்கள்.

அதன்பின் நான் கேட்க ஆரம்பித்தேன். சாகலாம் என்று தோன்றியிருக்கிறதா என்று. ஷேர் ஆட்டோக்காரர், "டீசல் வெல ஏறும்போதெல்லாம்" என்று சிரித்தார். பிறகு வண்டியை ஓரங்கட்டிவிட்டு, சிரிக்காமல் சொன்னார். நம் கணக்குப்பிள்ளைக்கும் தோன்றுமாம். துணி வெளுக்கும் அம்மா, "பல்லுவலி கணக்கா வரும், போவும். யாரு கேட்டாங்க?" என்றார். ஒருவரும் தனி ஆள் இல்லை. எல்லார் ரேஷன் கார்டிலும் நாலைந்து பெயர். விதியைச் சரியாகப் பார்த்தால் இந்த நகரத்தில் யாருக்கும் வீடே கொடுக்கக் கூடாது.

இன்றைய மனிதரையும் கேட்டேன். முதலாளி பின்னாலிருந்து தெலுங்கில் திட்டினார். வந்தவர் சாவிப் பலகையைப் பார்த்தபடி, "ஆமா" என்றார். நம்பர் வாங்கிச் சித்தூரிலுள்ள அவருடைய அக்காவை அழைத்தேன். அக்கா பஸ் ஏறிவிட்டார். அவர் வந்து சேரும்வரைக்கும் எழுந்து போகக் கூடாது என்று சொல்லி, உன் நாற்காலியில் உட்கார வைத்து, இட்லி வாங்கிக் கொடுத்தேன்.

"இது லாட்ஜா, ஆஸ்பத்திரியா?" என்றார் முதலாளி.

நீ விட்டுப்போனதில் என்னிடம் இருப்பது, சாகத் தோன்றுமா என்ற அந்தக் கேள்வி ஒன்றுதான். இன்றுவரை யாரும் அதை என் பக்கம் திருப்பியதில்லை.

"உனக்கும் தோணுமா தம்பி?" என்றார் அவர், இட்லியைப் பிட்டபடி.

"தோணும்."

"அப்ப நீயும் எழுந்து போவாத."