பத்தொன்பதாம் கேள்விக்கு நான் எழுதிய விடை

அனுப்புநர்:
திருமதி நிரோஷினி கிளிபோட்,
சமையலறைப் பிரிவு, முதியோர் பராமரிப்பு இல்லம்,
வோபர்ன், ஸ்காபரோ.
(வீட்டு முகவரியை வேண்டுமென்றே எழுதவில்லை.)

பெறுநர்:
பணிப்பாளர்,
கிழக்குக் குடும்பநல ஆய்வு நிலையம்,
ஸ்காபரோ.

பொருள்: மணமுறிவு ஆய்வறிக்கையிலிருந்து முப்பத்தோராம் விடைத்தாளை 26ஆம் திகதிக்கு முன் நீக்கக் கோருதல்.

மதிப்புக்குரிய அம்மணி,

1. கடந்த மாசி மாதம் தங்கள் நிலையத்து மாணவி துர்க்கா எங்கள் அடுக்குமாடிக்கு வந்து, தமிழ்க் குடும்பங்கள் பிரிவதற்கான காரணங்கள் பற்றி என்னிடம் ஒரு விடைத்தாள் நிரப்பி வாங்கினார். ஆபிரிக்கக் கிராமங்களில் வேறோர் ஆய்வுக்குக் கேட்ட கேள்விகளையே தமிழில் மாற்றியிருப்பதாகச் சொன்னார். வயது வித்தியாசம் எவ்வளவு, பிள்ளை உண்டா, ஒரே சமயமா, பெண்ணின் ஊர் எது, மாப்பிள்ளையின் ஊர் எது என்று இருபது கேள்விகள். பெயர் தேவையில்லை, ஆகவே பயம் வேண்டாம் என்றார். நல்ல பிள்ளை. தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்துவிட்டு இருபதுக்கும் உண்மையையே எழுதினேன். கலியாணம் முடித்த இந்த ஒன்பது வருடத்தில் அப்படி ஒருவரும் என்னிடம் கேட்டதில்லை.

2. பெயர் எழுதவில்லைத்தான். ஊர் எழுதினேனே, அம்மணி! எங்கட ஆக்களிடம் ஊரைச் சொன்னால் பூட்டன் வரைக்கும் பிடித்துவிடுவார்கள். சென்ற மாதம் தாங்கள் மாதிரிக்கென்று இலவசப் பத்திரிகையில் வெளியிட்ட பகுதியில், முப்பத்தோராம் விடைத்தாள் இவ்வாறு வந்தது: பெண்ணின் ஊர் மட்டுவில், மாப்பிள்ளையின் ஊர் நெடுந்தீவு, வித்தியாசம் பதினான்கு வயது, அவள் சைவம், அவர் கத்தோலிக்க வேதம், பிள்ளையில்லை, பிரிய நினைத்ததுண்டா என்பதற்கு ஓம். ரொறன்ரோவில் இப்படி எத்தனை சோடி இருக்குமென்று நினைக்கிறீர்கள்?

3. என் கணவரின் அக்கா, மச்சாள் றோசலின், அதை மரக்கறிக் கடையில் வைத்தே வாசித்து, “உது எங்கட கிளிபோட்டின்ர மனுசியெல்லோ” என்று நாலு பேருக்குக் கேட்கச் சொன்னார். உலைவாயை மூடலாம், ஊர்வாயை மூட முடியாது. அன்று மாலையே பத்திரிகை எங்கள் வீட்டு மேசையில் இருந்தது.

4. நியாயத்தை எழுத வேண்டும். என் கணவர் இதுவரை என்மேல் கை வைத்ததில்லை. அன்றும் ஏசவில்லை. பத்திரிகையை மடித்து மேசை லாச்சிக்குள் வைத்தார். அன்றிலிருந்து மிகவும் அன்பாக இருக்கிறார். பஸ்ஸில் போக விடுவதில்லை. காலையில் வேலையில் இறக்கி, முடியும்போது வாசலில் காரோடு நிற்கிறார். கதவுக்குப் புதுப் பூட்டுப் போட்டார், திறப்பு ஒன்றுதான், அது அவரிடம். போன கிழமை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, என்னோடு படித்தவர்கள் கனடாவில் எத்தனை பேர் என்று சிரித்துக்கொண்டே கேட்டார்.

5. முழு அறிக்கையும் 26ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் வெளியாகும் என அறிகிறேன். மாதிரியில் வராத பத்தொன்பதாம் கேள்வியும் அதில் இருக்கும்: பிரிந்தால் எங்கே போவீர்கள்? நான் இடத்தின் பெயரையும் அது யாருடைய வீடு என்பதையும் விபரமாக எழுதிவிட்டேன். மடைச்சி நான். அந்த விடையை இங்கே திரும்ப எழுத மாட்டேன். உலகத்தில் எனக்கென்று இருக்கும் ஒரே கதவு அதுதான். என் கணவர் முன்வரிசையில் இரண்டு இருக்கைகள் சொல்லி வைத்திருக்கிறார். எனக்குப் புதுச் சேலையும் வாங்கியிருக்கிறார்.

6. ஆபிரிக்கக் கிராமங்களில் இதே கேள்விகளுக்கு உண்மை சொன்ன பெண்களுக்குப் பிறகு என்ன நடந்தது என்று தங்கள் அறிக்கையில் எங்காவது இருக்கிறதா? இருந்தால் அறிய விரும்புகிறேன்.

7. ஆகவே முப்பத்தோராம் விடைத்தாளை அச்சிலிருந்தும் இணையத்திலிருந்தும் முழுதாக அகற்றுமாறு மன்றாடுகிறேன். என் கைத்தொலைபேசியை இரவில் அவர் வாங்கிப் பார்ப்பதால் அழைக்க வேண்டாம். துர்க்கா 22ஆம் திகதி புதன்கிழமை மதியம் சமையலறைப் பின்கதவுக்கு வந்து, ஆம் அல்லது இல்லை என்று சொன்னால் போதும்.

8. இன்னுமொன்று. இந்த மனுவைத் திருப்பிப் பெறுவதாக இனிமேல் என்னிடமிருந்து கடிதமோ அழைப்போ வந்தால், அது என் கையெழுத்தாகவே, என் குரலாகவே இருந்தாலும், தயவுசெய்து நம்ப வேண்டாம்.

தங்கள் முடிவை எதிர்பார்த்து,

நிரோஷினி கிளிபோட்

இடம்: ஸ்காபரோ
திகதி: 14.10.2025