நீ காய்ச்சிக் கொடுத்த தண்ணீர்

தம்பிக்கு,

வெள்ளரிக்குப் பாய்ச்சும் கிணற்றுத் தண்ணீரை எங்கள் ஆய்வகத்தில் பரிசோதனைக்குக் கொடுத்தாய். ஒரு கிருமிகூட இல்லை. சந்தேகப்பட்டுக் கேட்டேன். "அக்கா கையில அழுக்குத் தண்ணியவா குடுப்பேன்? நல்லாக் காய்ச்சித்தான் குடுத்தேன்" என்றாய். ஆய்வகமே சிரித்தது, நானும்தான்.

திங்களன்று நானே வந்து எடுத்த தண்ணீரில் சாக்கடைக் கிருமி இருக்கிறது. உன் காயைப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் பச்சையாகத் தின்கிறார்கள். இனி அனுப்பாதே. அனுப்பினாலும் வாங்க மாட்டார்கள். சமையல்கார அம்மாவிடம் சொல்லிவிட்டேன். காய் கொடியிலேயே முற்றிப்போகும், தெரியும்.

முதலில் உன்னிடம்தான் சொல்லியிருக்க வேண்டும். நீ கெஞ்சினால் இளகிவிடுவேனோ என்று பயந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். கிணற்றை இறைத்துக் குளோரின் போட இரண்டு பேராவது வேண்டும். நீ கதவைத் திறக்காவிட்டால் கிணற்றடியிலேயே இருப்பேன்.

அக்கா