இரண்டு தரம் கலைக்கப்பட்ட சேர்மன்

18 டிசம்பர் 1996, புதன்

இடியப்பத்துக்கு மாக் குழைத்துக்கொண்டு நிற்கிறேன், இவர் பேப்பரைக் கொண்டுவந்து மாச்சட்டிக்குப் பக்கத்தில் விரித்தார். ஸ்காபரோவையும் மற்ற ஐந்து நகரசபைகளையும் கலைத்துப்போட்டு, எல்லாவற்றையும் ரொறன்ரோ என்று ஒரே மாநகரமாக்கப் போகிறதாம் மாகாண அரசாங்கம்.

"பாத்தியே புனிதம்? இரண்டாந்தரமும் என்ர சபையைக் கலைக்கிறாங்கள்."

ஸ்காபரோ எப்போது உங்கட சபையானது என்று கேட்க வாய் வந்தது. முகத்தைப் பார்த்தபின் கேட்கவில்லை.

முதல் தரம் கலைத்தது ஊரில், எண்பத்தொன்றில். அப்போது இவர் எங்கள் கிராமச்சபைத் தலைவர். இலங்கை முழுக்கக் கிராமச்சபைகளே இனி வேண்டாம் என்று அரசாங்கம் முடிவெடுத்தது. சபை போனது, பட்டம் போகவில்லை. இங்கே ஸ்காபரோவில், மல்வேர்ன் பக்கம், அந்தச் சபையைக் கண்ணாலும் காணாத பிள்ளைகள்கூட இவரை 'சேர்மன் அங்கிள்' என்றுதான் கூப்பிடுகிறார்கள். கனடாவுக்கு வந்த நாள் தொடக்கம் ஸ்காபரோ நகரசபையில் எப்போது கூட்டமென்றாலும் பஸ் பிடித்து சிவிக் சென்ரருக்குப் போய்ப் பார்வையாளர் வரிசையில் இருந்துவிடுவார். எந்தக் கவுன்சிலர் நித்திரை தூங்குகிறவர், எவர் வாசிக்காமலே கை தூக்குகிறவர் என்று எல்லாம் மனப்பாடம். என் பிறந்தநாளைக் கேட்டால்தான் முழிப்பார்.

12 ஜனவரி 1997

மனுசனுக்குப் பத்து வயது குறைந்துவிட்டது. விடிய எழும்பிச் சவரம். கோட்டு. கீழ்மாடி அன்புராசா காரோடு வந்து நிற்கிறான், இரண்டு பேரும் எந்தப் பள்ளிக்கூட மண்டபத்தில் எதிர்ப்புக் கூட்டமென்றாலும் ஓடுகிறார்கள். வெள்ளைக்காரக் கிழவிகள் இவரை 'மிஸ்ரர் பொன்' என்கிறார்களாம். எனக்குச் சிரிப்பு. ஆனால் உள்ளுக்குள் சந்தோசம் என்பதையும் எழுதத்தான் வேண்டும். ஜன்னலுக்கு முன்னால் குந்தியிருந்து பனியைப் பார்த்த ஆளை எத்தனை மாரி பார்த்துவிட்டேன்.

மகன் மிதுனன் பிக்கரிங்கிலிருந்து போன் எடுத்தான். "அம்மா, பேஸ்மன்ற்றிலை உங்களுக்கு அறை கட்டி முடிச்சாச்சு. ரெண்டு பேரும் வாங்கோவன்." பேரப்பிள்ளையின் சத்தம் பின்னால் கேட்கிறது. எனக்கு இப்பவே போகலாம் போல இருந்தது. இவர் போனை வாங்கி, "பிக்கரிங் வேற நகரம் தம்பி. அங்கை வந்தால் எனக்கு இஞ்சை வாக்கில்லை" என்று வைத்துவிட்டார்.

2 பெப்ரவரி

மார்ச்சில் வாக்கெடுப்பு. கட்டடத்தில் சிட்டிசன் எடுத்த தமிழ்ச் சனத்துக்கெல்லாம் இவர் கதவு கதவாகப் பாடம் நடத்துகிறார். நானும் பின்னால், பிளாஸ்கில் தேத்தண்ணியோடு.

கேள்வி என்னவென்றால், ஸ்காபரோவை இல்லாமல் செய்து ஒன்றாக்கச் சம்மதமா என்பது. வேண்டாமென்றால் 'நோ'வுக்குப் புள்ளடி போடவேண்டும். ஏழாம் மாடி பேபி அக்கா ஒத்துக்கொள்ளவில்லை. "ஸ்காபரோ எனக்கு வேணும். வேணுமெண்டால் யெஸ் எண்டுதானே போடவேணும்? இருக்க இடம் தந்தவைக்கு நோ எண்டு எப்பிடியப்பா எழுதுறது, மரியாதையில்லை."

இவர் பொறுமையாக மூன்று விதமாக விளக்கினார். லிஃப்ற்றுக்குள் வந்து இரண்டு பேரும் சிரித்தோம். கனகாலத்துக்குப் பிறகு.

20 பெப்ரவரி

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

சிவிக் சென்ரரில் பொதுக்கூட்டம். சனங்கள் வரிசையாகப் போய் மைக்கில் பேசலாம். இவருடைய பெயரைக் கூப்பிட்டார்கள். கோட்டுப் பொத்தானைப் பூட்டிக்கொண்டு போனார். நல்ல இங்கிலிஷ், நிறுத்தி நிதானமாக. சனம் நடந்து வந்து கதவு தட்டக்கூடிய தூரத்தில் இருப்பதுதான் சபை, அதைத் தூரத்துக்குக் கொண்டுபோனால் அது வெறும் அரசாங்கக் கந்தோர் என்றார். எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

பிறகு - எந்த இடத்தில் மாறியதென்று எனக்கே தெரியவில்லை - தமிழில் பேசிக்கொண்டிருந்தார்.

"அஞ்சாம் வட்டாரத்து மதகு மாரிக்கு முன்னம் கட்டி முடியவேணும். ஒழுங்கை முழுக்க வெள்ளம் நிக்குது. பள்ளிக்கூடம் போற பிள்ளையள் என்ன செய்யிறது? போன கூட்டத்திலையும் சொன்னனான்."

மேடையிலிருந்த வெள்ளைக்காரர் பேனையைக் கீழே வைத்துவிட்டு மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்தார். முடிய எல்லாரும் கை தட்டினார்கள். எங்கட ஆட்கள் எழும்பி நின்றே தட்டினார்கள். அன்புராசா ஓடிவந்து இவரைக் கட்டிப்பிடித்தான். "அண்ணை, சிவிக் சென்ரருக்குள்ளை தமிழிலை பேசின முதல் ஆள் நீங்கள்தான். எங்களுக்கும் ஒரு மொழி இருக்கெண்டு காட்டிப்போட்டியள்."

இவர் அவனை ஒருமாதிரிப் பார்த்தார். காரில் ஏறியபின் என் பக்கம் சரிந்து மெல்லக் கேட்டார். "என்ர இங்கிலிஷ் அவங்களுக்கு வடிவா விளங்கியிருக்கும், என்ன?"

விளங்கியிருக்கும் என்றேன்.

21 பெப்ரவரி

காலையிலிருந்து ரெலிபோன். மல்வேர்ன் முழுக்கப் பெருமை. எனக்கு மட்டும் பயமாக இருக்கிறது.

3 மார்ச், திங்கள்

வாக்குப் போட்டாயிற்று. தேத்தண்ணி குடிக்கும்போது திருப்தியாகச் சொன்னார்: "ஸ்காபரோ வேணுமோ எண்டு கேட்டிருந்தது. யெஸ்ஸுக்கு நல்ல பெரிய புள்ளடியாப் போட்டன்."

பேபி அக்கா இந்தப் பிழையை விட்டிருந்தால் பரவாயில்லை. அவவுக்கு மூன்று விதமாக விளக்கினவர் இவர்.

கப்பைக் கழுவினேன். கழுவின கப்பைத் திரும்பவும் கழுவினேன்.

4 மார்ச்

வேண்டாமென்று சொன்னவர்கள்தான் மிக அதிகம், ஆறு நகரங்களிலும். கட்டடம் முழுக்கக் கொண்டாட்டம். "வெண்டிட்டம் புனிதம்!" என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினார், கட்சிக்காரனுக்குக் குலுக்குவதைப் போல.

22 ஏப்ரல்

சட்டம் நிறைவேறிவிட்டது. சனம் வேண்டாமென்று சொன்னதை ஒருவரும் கணக்கெடுக்கவில்லை. ஜனவரியோடு ஸ்காபரோ நகரசபை இல்லை. அன்புராசா வந்து அழாத குறையாகச் சொன்னான். இவர் கேட்டுவிட்டு, "சரி, அடுத்த கூட்டத்திலை இதை எடுப்பம்" என்றார்.

9 ஜூன்

இன்றைக்குக் கூட்டமில்லை. நான் குளித்துவிட்டு வர ஆள் இல்லை. கோட்டும் இல்லை. மிதுனனுக்குப் போன் அடித்தேன், அன்புராசாவின் கதவைத் தட்டினேன். கடைசியில் சிவிக் சென்ரர் காவலாளிதான் கண்டு, இவருடைய பொக்கற்றில் இருந்த நம்பருக்கு எடுத்தார். யாருமில்லாத சபை மண்டபத்தில், பார்வையாளர் வரிசையில் தனியே இருந்திருக்கிறார். எங்களைக் கண்டதும் கோபம். "மெம்பர்மார் ஒருத்தரையும் காணேல்லை. உதென்ன பழக்கம்?"

மிதுனன்தான் காரில் கூட்டிவந்தான். கண்ணைத் துடைத்துத் துடைத்து ஓட்டினான்.

27 ஜூன்

டொக்டர் ஒரு பெயர் சொன்னார். அதை இங்கே எழுதமாட்டேன். எழுதினால் அது வீட்டுக்குள் வந்து கதிரையில் இருந்துவிடும்.

பழகிய இடத்தில் வைத்திருந்தால் நல்லதாம். மிதுனன் பிக்கரிங் கதையை மறுபடி எடுத்தான். "அம்மா, நீங்கள் தனிய சமாளிக்க மாட்டியள்." நான் மாட்டேனென்று சொல்லிவிட்டேன். பேரப்பிள்ளையை நினைக்க நெஞ்சு இழுக்கிறது. ஆனால் இந்த பஸ், இந்தச் சந்தி, அந்த மண்டபம் - அங்கே போனால்தான் இவர் இவராக இருக்கிறார். அங்கே நிமிர்ந்து இருக்கிறார், குனிந்து என்னிடம் இரகசியம் சொல்கிறார், அந்தக் கவுன்சிலர் திரும்பவும் நித்திரை என்கிறார். எனக்கு இந்த மனுசன் வேணும். அரைவாசி எண்டாலும் வேணும். உங்கட அரசியல் ஒண்டும் எனக்குத் தெரியாது, நகரத்தை ஆறாக்குங்கோ ஒண்டாக்குங்கோ, அந்த மண்டபத்தை மட்டும் இவருக்கு விட்டிட்டுப் போங்கோவன்!

30 ஜூலை

கூட்டத்துக்குப் போய் வந்தோம். நல்ல நாள்.

11 நவம்பர்

நேற்றுத் தேர்தல். புதிய பெரிய ரொறன்ரோவுக்குப் புதிய சபை. இவர் வாக்குப் போடவில்லை. நான் கூட்டிக்கொண்டு போகவும் இல்லை. யாருக்குப் போடுகிறோமென்று தெரியாதவரைக் கொண்டுபோய் நிறுத்த மனம் வரவில்லை.

டிசம்பர் - தேதி நினைவில்லை, கடைசிக் கூட்டத்தன்று

கவுன்சிலர்கள் ஒருவரையொருவர் கட்டிப்பிடித்தார்கள். சிலர் அழுதார்கள். படம் எடுத்தார்கள். நித்திரை தூங்குகிறவர்கூட முழித்திருந்தார். இவர் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "ஆர் செத்தது?" என்று கேட்டார்.

ஒருவருமில்லை, ஒத்திவைக்கிறார்கள் என்றேன். அடுத்த திகதி ஏன் சொல்லவில்லையென்று வீடு வரும்வரை புறுபுறுத்துக்கொண்டு வந்தார்.

1 ஜனவரி 1998

இன்று முதல் நாங்கள் ரொறன்ரோ. தண்ணீர் அதே குழாயால்தான் வருகிறது.

20 ஜனவரி

கூட்டிக்கொண்டு போகாமல் விட்டுப் பார்த்தேன், கதவோடு நின்று சண்டை. கூட்டிக்கொண்டு போனேன், மண்டபக் கதவு பூட்டு. கைபிடியைப் பிடித்து ஆட்டினார். "திறப்பு எங்கை? கிளாக்கரைக் கூப்பிடு." ஆட்கள் பார்த்துக்கொண்டு போனார்கள். ஊரில் இவரைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்குவார்கள்.

வீட்டுக்கு வந்து சாப்பாட்டு மேசையில் ஒரு விரிப்பை விரித்து, தலைப்பில் இவரை இருத்தி, தண்ணீர்க் கிளாஸை வைத்தேன். "கூட்டம் இஞ்சைதான் இண்டைக்கு" என்றேன். மேசையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"கோரம் இருக்கோ?"

கூட்டம் செல்லுபடியாகிற அளவுக்கு ஆட்கள் இருக்கிறார்களா என்று கேட்கிறார். இருக்கு என்றேன். தொண்டையைச் செருமிக்கொண்டு தொடங்கினார். மதகு, கிணறு கலக்கி இறைப்பது, சந்தை ஏலம். ஒவ்வொரு தீர்மானமாக முன்மொழிய நான் வழிமொழிந்தேன். எழும்பும்போது மனுசன் சாந்தமாக இருந்தார். நிறையச் சோறு சாப்பிட்டார்.

15 மார்ச்

"நீங்கள் எந்த வட்டாரம்?" என்று கேட்டார்.

பகிடி என்று நினைத்தேன். கலியாணம் கட்டி வந்த நாளிலிருந்து என்னை 'நீ' என்பதைத் தவிர வேறு சொன்னதில்லை. கோபத்திலும் 'நீ', கொஞ்சலிலும் 'நீ'. சிரித்துக்கொண்டு முகத்தைப் பார்த்தேன். மிகவும் மரியாதையாகப் பதிலுக்குக் காத்துக்கொண்டிருந்தார்.

"அஞ்சாம் வட்டாரம்" என்றேன். அடுப்படிக்குள் போய் நின்று வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். என்னத்துக்கு இந்த மரியாதை எனக்கு? ஆருக்கு வேணும் உது?

3 மே

மிதுனனுக்கு நானே போன் எடுத்தேன். இவருக்கு இனிப் பழகிய இடம் என்று ஒன்று இல்லை. எனக்கும் தனியே ஏலாது. வாறம் என்றேன். அவன் லொறி எப்ப கொண்டுவர எண்டு மட்டும் கேட்டான்.

14 மே

பிக்கரிங். கஜனி பேஸ்மன்ற்றுக்கு நல்ல திரைச்சீலை போட்டிருக்கிறாள். தங்கமான மருமகள். பேரன் ஓடிவந்து என் மடியில் ஏறினான். இதற்காக எவ்வளவு ஆசைப்பட்டேன். கையில் பிள்ளை, கண் முழுக்க மேசைத் தலைப்பில் இருக்கிற ஆளில்.

28 ஜூன்

மத்தியானம் மேசையில் கூட்டம். மிதுனன் குடும்பம் கடைக்குப் போயிருந்தது. பக்கத்து அறையில் உடுப்புக் காயவைக்கும் மெசின் ஓடிக்கொண்டிருந்தது.

இவர் தண்ணீர் குடித்தார். கோரம் கேட்டார். பிறகு மற்ற அலுவல்களை எடுக்கவில்லை. ஊரில் சபைக்கு வேண்டியவர் யாராவது இறந்தால், முதலில் அனுதாபத் தீர்மானம். அது முடிந்துதான் மதகும் கிணறும்.

"காலஞ்சென்ற திருமதி புனிதவதி பொன்னம்பலம்" என்று தொடங்கினார். "என்ர மனுசி. இந்தச் சபைக்காரர் எத்தினை பேர் அவவின்ர கையாலை சாப்பிட்டிருப்பியள். வாய் கொஞ்சம் காரம். நான் எந்தக் கூட்டத்தாலை பிந்தி வந்தாலும் சாப்பிடாமல் பாத்துக்கொண்டு இருப்பா. இப்ப கொஞ்ச நாளா நான் வாறன், அவவைக் காணேல்லை."

துவாயால் முகத்தைத் துடைத்தார்.

"ஆர் வழிமொழியிறது?"

வேறு யார் இருக்கிறார்கள்?

"வழிமொழியிறன்" என்றேன்.

"எல்லாரும் எழும்பி நிப்பம்."

மேசையைப் பிடித்துக்கொண்டு எழும்பினார். நானும் எழும்பினேன். தலையைக் குனிந்து இரண்டு பேரும் நின்றோம். அவருடைய கண்ணிலிருந்து தண்ணீர் விரிப்பில் விழுந்துகொண்டிருந்தது. தொட்டு, இஞ்சை பாருங்கோ, நான்தான் எண்டு சொன்னால் என்ன? போன கிழமை சொன்னேன். பயந்து கையை இழுத்துக்கொண்டார்.

உடுப்பு மெசின் நின்றது. அவர் தலை நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"இருங்கோ, மெம்பர்" என்றார்.

"இருக்கிறன்" என்றேன்.