மகாராணிக்குக் கட்டிய கயிறு

4-9-2025, வியாழன்

இன்று ஸ்டாண்டில் மறுபடியும் போர் மூண்டது. காரணம் ஒரு வடை. தட்டில் கிடந்த கடைசி வடையைச் சிவபாண்டி எடுத்துக்கொண்டு, "வஜ்ராக்காரனுக்கு எதுக்குலே வடை? வண்டி தள்ளத் தெம்பு வேணும்னா கஞ்சியக் குடி" என்றான்.

சிவகாசி பிக்கப் ஸ்டாண்டில் டீக்கடைக்குக் கிழக்கே வஜ்ரா கம்பெனி வண்டிகள், மேற்கே தாரகா கம்பெனி வண்டிகள். நடுவில் நிற்கும் கரண்டுக் கம்பம் எல்லைக்கல். கிழக்குத் தேசத்தின் சக்கரவர்த்தி செல்லச்சாமியாகிய நான். என் வண்டி மகாராணி. மேற்கே ஆள்வது சிவபாண்டி. அவன் தாரகா புகை விட்டால் மூன்று மாவட்டத்துக்கு அமாவாசை.

நான் விடவில்லை. ஆலங்குளத்தில் சிமெண்டு லோடு ஏற்றிக் கிளம்பியபோது மகாராணி இழுத்த இழுப்பில் ஆலையே பின்னால் வந்துவிட்டது, கையெடுத்துக் கும்பிட்டுத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள் என்றேன். டீ மாஸ்டர் சிரித்ததில் பால் பொங்கியது.

பந்தயம் போன வருஷத்தது. எங்கள் இருவரில் எவன் வண்டி முதலில் நடுரோட்டில் படுக்கிறதோ, அதை மற்றவன் கயிறு கட்டி பஜார் வழியாக இழுத்து வர வேண்டும். சிவபாண்டி சிவப்பு நைலான் கயிறு ஒன்றை சீட்டுக்கு அடியில் வைத்திருக்கிறான். நானும் வைத்திருக்கிறேன். என் கயிற்றுக்கு மஞ்சள் தடவி, வெள்ளிக்கிழமை சாம்பிராணி காட்டுகிறேன்.

அக்கா மகன் செழியன் ஓரமாக நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான். தாரகா எடுக்கப் போனவனை வஜ்ராவுக்கு மதம் மாற்றியது நான்தான். ஒரு கல்யாணப் பந்தியில் சாம்பாரில் தொடங்கிப் பாயாசம் வரை போதித்தேன். நானும் அவனும் ஒரே மாதம், ஒரே நிறத்தில் எடுத்தோம். அவனுடையதற்கு இளவரசி என்று பெயர் வைத்ததும் நானே.

8-9-2025, திங்கள்

பிரேக்கை மிதித்தால் 'உஸ்' என்று ஒரு சத்தம். மகாராணி பெருமூச்சு விடுகிறாள், அவ்வளவுதான். பாட்டைக் கூட்டிவைத்தேன்.

11-9-2025, வியாழன்

பெருமூச்சு இல்லை.

திருத்தங்கல் ரயில்வே கேட் அருகில் குறுக்கே ஒரு ஆடு. பிரேக் கல்லாக நின்றது. இரண்டு காலையும் வைத்து ஏறி மிதித்தேன். எனக்கும் ஆட்டுக்கும் நடுவில் ஒரு பீடியை நீட்டிவைக்கலாம், அம்புட்டுதான் இடம். ஆடு என்னைப் பார்த்த பார்வையை ஏழு ஜென்மத்துக்கும் மறக்க மாட்டேன்.

சிவகாசியில் எந்தப் பட்டறைக்குப் போனாலும் வண்டி உள்ளே நுழையும் முன் சேதி சிவபாண்டிக்குப் போய்விடும். அதனால் ராஜபாளையம் போனேன். வீட்டில் பாண்டிச்செல்வியிடம் துட்டிக்குப் போவதாகச் சொன்னேன். "யார் செத்தது?" என்றாள். பதில் தயாராக இல்லை. கொல்லம் ரயிலில் கூட வந்த ஒருவர் என்றேன். என் மனைவி என்னை ஆடு பார்த்தது போலவே பார்த்தாள்.

மெக்கானிக் பானட்டைத் திறந்ததும் விரலை வைத்துக் காட்டினான். "பிரேக் பூஸ்டருக்குக் காத்து உறிஞ்சுற ரப்பர் பைப் அண்ணாச்சி. டர்போவ ஒட்டி ஓடுது. சூட்டுல வெந்து வெடிப்பு விட்டிருக்கு. இது அந்துச்சுன்னா பிரேக் கல்லாயிரும். மலை ரோட்டுல போயிராதீக."

புது பைப் வரச் சில நாள் ஆகுமாம். அதுவரைக்கும் சைக்கிள் டியூபை வெட்டிச் சுற்றிவிட்டான். கையைத் துடைத்துக்கொண்டே கேட்டான்: "போன வருஷத்து வண்டி எல்லாத்துலயும் பைப்ப இப்படித்தான் கொண்டுபோயிருக்கான். உங்க பக்கம் வேற யார்கிட்ட இருக்கு?"

"யார்கிட்டயும் இல்ல" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்? வாய் தானாகச் சொன்னது. வஜ்ராவில் குறை என்று ஒருத்தன் கேட்டால் என் வாய் என்னைக் கேட்பதில்லை.

13-9-2025, சனி

செழியன் ஸ்டாண்டுக்கு வந்தான். எல்லோரும் இருக்கையில், "மாமா, ரெண்டு நாளா பிரேக் லேசா கெட்டியா இருக்கு. உங்களுக்கும் அப்படி இருக்கா?" என்றான்.

மேற்குத் தேசம் முழுக்கக் காதைத் தீட்டியது. சிவபாண்டி டீ கிளாசை வாயில் வைத்தபடியே நின்றான்.

"வஜ்ரா பிரேக்னா அப்படித்தான் மாப்ளே. புதுச் செருப்பு கடிக்கத்தான் செய்யும். வண்டிக்கு ஒண்ணுமில்ல, உன் கால்லதான் தெம்பு இல்ல. தினம் ரெண்டு முட்டையத் தின்னு" என்றேன்.

ஸ்டாண்டே சிரித்தது. செழியனும் சிரித்தான், தன் காலைப் பார்த்துக்கொண்டே. சிவபாண்டி மட்டும் சிரிக்கவில்லை.

தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். நாளைக்குச் சொல்லிவிடலாம்.

14-9-2025, ஞாயிறு

சொல்லவில்லை.

15-9-2025, திங்கள்

சாப்பிடும்போது பாண்டிச்செல்வி சொன்னாள்: "செழியனுக்குப் புனலூர் லோடு கிடைச்சிருக்காம்ங்க. தீபாவளிச் சரக்கு. ஆரியங்காவு மலை ஏறி எறங்கணுமாம். மலை ரோட்டுல மொதத் தடவை, அவன் பொண்டாட்டி ஓவியாவுக்குப் பயம். 'மாமா வாங்கிக் குடுத்த வண்டி, பயப்படாத'ன்னானாம் இவன்."

இலையில் கறிக்குழம்பு இருந்தது. என்ன ருசி என்று கேட்டால் தெரியாது.

நாளைக் காலையில் முதல் வேலை அதுதான். பைப் வெடிக்கும் மாப்ளே, மலைக்குப் போகாதே. இதைச் சொல்ல எம்புட்டு நேரம் ஆகும்? ஆலையைக் கட்டி இழுத்த கதையைவிடச் சின்னது.

16-9-2025, செவ்வாய்

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

காலையில் அவன் வீட்டுக்குப் போனேன். ஏற்கெனவே லோடு ஏற்ற நாரணாபுரம் பட்டாசுக் கம்பெனிக்குள் போய்விட்டான் என்றார்கள். சரி, வெளியே வந்ததும் போனில் சொல்லலாம். எனக்கு ஆனைக்குட்டத்துக்கு ஒரு காகித லோடு இருந்தது. கிளம்பினேன். (போயிருக்கக் கூடாது. நேரே நாரணாபுரம் போயிருக்கணும்.)

ஆனைக்குட்டம் அணைக்கரைச் சரிவில் 'டப்' என்று ஒரு சத்தம். பிரேக்கை மிதித்தேன். பாறை. ஹேண்ட் பிரேக்கை இழுத்து, கியரை இறக்கி, ஸ்டியரிங்கை ஒடித்துச் சீமைக்கருவேலுக்குள் விட்டேன். முள் கண்ணாடியைக் கீறிக்கொண்டே வந்தது. வண்டி நின்றது.

மலையளவு சரிவு என்று எழுத வேண்டிய இடம் இது. இல்லை. தென்னை உயரம்கூட இல்லாத சரிவு. அதுக்கே இப்படின்னா ஆரியங்காவு?

செழியனுக்குப் போன் போட்டேன். மணி அடித்தது, எடுக்கவில்லை. மறுபடி. மறுபடி. அப்புறம்தான் உறைத்தது. பட்டாசுக் கம்பெனிக்குள் போன் கொண்டுபோகக் கூடாது. கேட்டில் உள்ள மரப்பெட்டியில் போட்டுவிட்டுத்தான் போக வேண்டும். ஓவியாவுக்குப் போட்டேன். அவளும் வேறொரு பட்டாசுக் கம்பெனியில் வேலை, அவள் போனும் ஏதோ ஒரு பெட்டியில். எங்கள் ஊரில் பகலில் ஒரு அவசரம் என்றால் பாதிச் சனத்துக்குப் போன் எட்டாது. கம்பெனி ஆபீஸ் நம்பர்? அது செழியனிடம்தான் இருக்கிறது.

பக்கத்தில் யார் இருப்பார்கள்? ஒரே ஒருத்தன். காலையில் ஸ்டாண்டில் அவனும் இந்தப் பக்கம்தான் லோடு என்று சொன்னான். கூப்பிட்டேன்.

வந்தான். வண்டியை விட்டு இறங்கும்போதே தோளில் சிவப்புக் கயிறு. முகத்தில் தீபாவளி. "ஏலே செல்லச்சாமி! மகாராணி முள்ளுக்குள்ள என்னலே செய்யுதா, ஒதுங்கப் போயிருக்காளா?"

என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினான். "என்னலே?"

"கயிறு அப்புறம். நாரணாபுரத்துக்கு விடு. செழியன் வண்டியிலயும் இதே பைப்புதான். எனக்கு முன்னாலயே தெரியும்."

சிவபாண்டி என்னைத் திட்டுவான் என்று நினைத்தேன். கயிற்றை எடுத்துப் பின்னால் போட்டுவிட்டு, "ஏறு" என்றான்.

தாரகாவில் என் வாழ்நாளில் முதல்முறையாக உட்கார்ந்தேன். எழுதக் கை கூசுகிறது, இழுவை நன்றாகத்தான் இருந்தது.

நாரணாபுரம் கேட்டில் வாட்ச்மேன், "இப்பத்தான் போறான், அவசரமா" என்றார். "போனை விட்டுட்டுப் போயிட்டான் பாருங்க. சீசன் வந்தா தினம் ஒருத்தன் இப்படித்தான்" என்று பெட்டியைத் திறந்து எடுத்துக் கொடுத்தார். திரை முழுக்க ஒரே பெயர். மாமா, மாமா, மாமா.

அதைக் கையில் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். ஸ்ரீவில்லிபுத்தூர் போனது. ராஜபாளையம் போனது. முன்னால் போகும் ஒவ்வொரு வெள்ளை பிக்கப்பும் அவனாகத் தெரிந்தது, நெருங்கினால் வேறு எவனோ. சிவபாண்டி வழி முழுக்க ஒரே ஒரு முறைதான் பேசினான். "அன்னைக்கு அவன் கேட்டப்பவே உன் மூஞ்சி சரியில்லலே. நானாவது கேட்டிருக்கணும்."

சிவகிரி தாண்டி, ஆள் இல்லாத இடத்தில், ஒரு மாந்தோப்பு ஓரம் இளவரசி நின்றாள். தார்ப்பாய் கட்டிய சரக்கு அப்படியே இருந்தது. செழியன் தள்ளிப்போய் ஒரு கல்லில் உட்கார்ந்து முழங்காலைப் பிசைந்துகொண்டிருந்தான்.

"மாமா! நீங்க எங்க இங்கன? பிரேக் ரொம்பக் கல்லாயிருச்சு மாமா. ஒரு பஸ்ஸ ஒட்டிப் போயி நின்னேன். நீங்க சொன்னீகல்ல, என் கால்லதான் தெம்பு இல்லன்னு. கொஞ்சம் காலாறிட்டு மலை ஏறலாம்னு உக்காந்தேன்."

காலாறிவிட்டு. மலை ஏற.

ராஜபாளையம் மெக்கானிக்குப் போன் போட்டேன். பைக்கில் வந்து சேர்ந்தான். கையில் புது பைப், மகாராணிக்கென்று வந்தது. பானட்டைத் திறந்து பார்த்தான், திரும்பி என்னைப் பார்த்தான். "அண்ணாச்சி, வேற யார்கிட்டயும் இல்லன்னீக?"

மாந்தோப்பில் ஒரு காக்கா கத்தியது.

செழியன் என்னையே பார்த்தான். "இவரு உங்ககிட்ட என்னைக்குக் கேட்டாரு மாமா?"

வியாழக்கிழமை என்றேன். அவன் என்னிடம் பிரேக் பற்றிக் கேட்டது சனிக்கிழமை. அவனுக்கும் கணக்குத் தெரியும்.

பைப் மாட்டியதும் பிரேக்கை நாலு முறை மிதித்துப் பார்த்தான். போனை வாங்கிக்கொண்டான். போயிட்டு வாரேன் என்று சிவபாண்டியிடம் சொன்னான். என்னிடம் சொல்லவில்லை.

17-9-2025, புதன்

பத்திரமாகப் புனலூர் சேர்ந்துவிட்டானாம். ஓவியா பாண்டிச்செல்வியிடம் சொல்லி, பாண்டிச்செல்வி என்னிடம் சொன்னாள். துட்டியின் உண்மையையும் இன்றுதான் தெரிந்துகொண்டாள். "சாகாத ஆளுக்குத் துட்டிக்குப் போனீக. சாகப்போன புள்ளைக்கு ஒரு வார்த்தை சொல்ல வாய் வரல" என்றாள். அதற்குமேல் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

மத்தியானம் ஆனைக்குட்டம் போனோம். மகாராணிக்குச் சிவப்புக் கயிற்றை நானே கட்டினேன். சிவபாண்டி தலையைச் சொறிந்தான். "பின்னால ரோட்டு வழியா போயிருவமாலே? எவனும் பாக்க மாட்டான்."

"பஜார் வழியா போ. பந்தயம் பந்தயம்தான். மெதுவாப் போ, என் காலு பிரேக்க நம்பாது."

சக்கரவர்த்தியின் நகர்வலம். பிரிண்டிங் பிரஸ் வாசலில் எல்லாம் ஆட்கள் வந்து நின்று பார்த்தார்கள். சிவப்புக் கயிற்றுக்கு முன்னால் தாரகா, பின்னால் நான். யாரும் கை தட்டவில்லை. சிவபாண்டி முன்கூட்டியே எல்லோரையும் மிரட்டி வைத்திருந்தான் என்று பிறகு தெரிந்தது.

ஸ்டாண்டில் இறங்கி, கரண்டுக் கம்பத்தடியில் நின்று சொன்னேன். வஜ்ராவில் போன வருஷத்து வண்டி வைத்திருப்பவன் எல்லாம் பானட்டைத் திற, டர்போவுக்குப் பக்கத்தில் இந்தப் பைப்பைப் பார். கிழக்குத் தேசம் முறைத்தது. "அண்ணே, அவங்க முன்னாலயா?" என்று ஒருவன் முணுமுணுத்தான். முணுமுணுத்தவன் வண்டிப் பைப்பில்தான் வெடிப்பு அதிகம்.

21-9-2025, ஞாயிறு

செழியன் ஊர் வந்துவிட்டான். வீட்டுக்கு வரவில்லை. போன் போட்டால் எடுக்கிறான், "ம்" என்கிறான். அவன் கத்தினால் தேவலை.

1-10-2025, புதன், ஆயுத பூஜை

மகாராணிக்குச் சந்தனம், மாலை, எலுமிச்சம்பழம் எல்லாம். கழுவித் துடைத்து நிமிர்ந்தபோது செழியன் நின்றான், இளவரசியோடு. வந்தான், பொரியை வாங்கித் தின்றான். பானட்டைத் திறந்து, "மாமா, பெல்ட் லேசாக் கீச்சுங்குது. என்னன்னு பாருங்க" என்றான்.

சுற்றிலும் ஆட்கள். வாய் திறந்துவிட்டது. வஜ்ரா பெல்ட் பாடும், மாப்ளே, என்று வரத்தான் இருந்தது. மூடினேன்.

"எனக்குத் தெரியல மாப்ளே. ராஜபாளையத்துக்குக் கொண்டுபோவோம். நானும் வாரேன்."

அவன் பானட்டை மூடினான். "முட்டை திங்கச் சொல்லுவீகளோன்னு நெனச்சேன்" என்றான். சிரித்தானா என்று நிச்சயமாகத் தெரியவில்லை. பொரியை இன்னொரு கை அள்ளினான்.

6-10-2025, திங்கள்

சீசன் உச்சம். ஸ்டாண்டில் நிற்க இடம் இல்லை. பாதிப் பேர் எல்லை தாண்டி நிறுத்துகிறார்கள், கரண்டுக் கம்பத்தை மதிக்க ஆள் இல்லை.

டீக்கடைக்குப் பின்னால் சிவபாண்டி என்னைத் தனியே கூப்பிட்டான். அக்கம்பக்கம் பார்த்தான். "ஏலே, உன்கிட்ட மட்டும் சொல்லுதேன். என் வண்டி ஸ்டியரிங்க வலது ஒடிச்சா ஒரு 'டக்' கேக்குது. மதுரைக்குப் போய்க் காட்டினேன். அடியில ஒரு மூட்டு தேய்ஞ்சிருக்காம். இந்த மாடலுக்கே அப்படியாம். எவன்கிட்டயும் வாயத் திறந்துராத."

ஆகா. ஒரு மாதத்துக்கு முன்னால் என்றால் இந்த 'டக்'கை வைத்து நான் மேற்குத் தேசத்தைத் தரைமட்டமாக்கி, உப்பு விதைத்திருப்பேன். மஞ்சள் தடவிய கயிறு வேறு சீட்டுக்கு அடியில் காத்துக்கிடக்கிறது.

"வேற யார்கிட்ட இருக்கு, இதே மாடல்?" என்று கேட்டேன்.

சிவபாண்டி என் முகத்தைப் பார்த்தான். டீ கிளாசைக் கீழே வைத்தான். பிறகு ஒவ்வொரு பேராகச் சொல்லி விரலை மடக்க ஆரம்பித்தான்.