இரண்டு மூச்சுக்கு ஓர் அறை

பிப்ரவரி 9

என் குட்டிமாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். நல்லபடியாக வந்து சேர்ந்தேன். போனில் பேசினால் இரண்டாவது நிமிடத்தில் நாம் சண்டைக்குப் போய்விடுகிறோம். கடிதத்தில் குறுக்கே பேச முடியாது பார், அதனால்தான் இது.

இந்தக் கட்டடம் முன்பு பருத்தி நூல் கிடங்காக இருந்ததாம். மாடியில் எனக்கு ஓர் அறை. கீழே எனக்கென்று ஒரு கூடம். சுவர், தரை, கூரை எல்லாம் கறுப்புச் சாயம். "நாடகத்துக்கு லைட் போடறவளுக்கு அங்க என்ன வேலை?" என்று கேட்டாயே, சொல்கிறேன். ரெசிடென்சி என்றால் இங்கேயே தங்கி, கலையையும் கருவிகளையும் சேர்த்து, இதுவரை யாரும் செய்யாத ஒன்றைச் செய்து பார்ப்பது. ஆகஸ்டில் மக்களுக்குக் காட்ட வேண்டும். சரியாக வராவிட்டால், ஏன் வரவில்லை என்று விளக்கினால் போதுமாம். மேடையில் ஒரு விளக்கு தாமதமாக எரிந்தால் என்னைத் தின்றுவிடுவார்கள். இங்கே தப்பு செய்வதற்கென்றே இடம் கொடுத்திருக்கிறார்கள். நம்பவே முடியவில்லை.

பக்கத்துக் கூடத்துத் தாடிக்காரர் கணினியை வைத்து வாசனை உண்டாக்குகிறார். காலையில் மழை வாசனை வருகிறது. மத்தியானம் கருகிய ரப்பர். எனக்கு உதவியாகக் கணினி நிரல் எழுதும் பெண் ஒருத்தி. "உங்களை எப்படிக் கூப்பிடறது?" என்றாள். "நாடகத்துல எல்லாரும் லைட்டம்மான்னுதான் கூப்பிடுவாங்க" என்றேன். இப்போது காவலாளி வரைக்கும் அதுதான்.

நான் செய்யப்போவது இதுதான்: உள்ளே வந்து உட்காருகிறவரின் மூச்சைக் கருவி பிடிக்க வேண்டும். அந்த மூச்சோடு சேர்ந்து அறை முழுக்க வெளிச்சம் ஏறி இறங்க வேண்டும்.

இப்போது நீ தனி ஆள் இல்லை. படியில் மெதுவாக இறங்கு. மாப்பிள்ளையையும் சம்பந்தி அம்மாவையும் கேட்டதாகச் சொல்.

உன் நினைப்பிலேயே இருக்கும்
அம்மா


ஏப்ரல் 17

அம்மாவுக்கு,

நீ சந்தோஷமாக இருக்கிறாய் என்பது எழுத்திலேயே தெரிகிறது. இங்கே அப்படி இல்லை. ரத்த அழுத்தம் ஏறியிருக்கிறது, படுத்தே இரு என்று டாக்டர் சொல்லிவிட்டார். பள்ளிக்கூடத்துக்கு நீண்ட லீவு. என் கணக்கு வகுப்பை யாரோ எடுக்கிறார்கள். நான் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு கிடக்கிறேன்.

ஒரு விஷயம், கோபித்துக்கொள்ளாதே. அத்தையிடம் நீ ஏதோ பயிற்சிக்குப் போயிருப்பதாகச் சொல்லி வைத்திருக்கிறேன். "எங்கம்மா ஐம்பத்தெட்டு வயசுல ஒரு இருட்டறையில வெளிச்சத்தை வச்சு விளையாடிட்டிருக்காங்க" என்று மாமியாரிடம் எந்த வாயால் சொல்வது?

ஆண்டு விழாவில் நான் ஆடிய அன்று நீ வேறு ஏதோ மேடைக்கு வெளிச்சம் போட்டுக்கொண்டிருந்தாய். அப்போது நான் கேட்கவில்லை. இப்போது கேட்கிறேன். பிரசவத்துக்கு வந்துவிடு. ஆகஸ்ட் கடைசி வாரம் என்கிறார்கள்.

குட்டிமா


மே 3

கண்ணு,

'பயிற்சி' என்று நீ எழுதிய இடம் வந்ததும் கடிதத்தை மடித்து வைத்துவிட்டுக் கட்டடத்தைச் சுற்றி நடந்தேன். திரும்பி வந்துதான் மீதியைப் படித்தேன். கோபம் இல்லை. ஆனால் ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் இத்தனை வருஷம் செய்ததும் விளையாட்டு இல்லை, இப்போது செய்வதும் விளையாட்டு இல்லை. நீ படித்த படிப்பு அந்த வெளிச்சத்தில் வந்தது. அதை மறைக்க எனக்கு அவசியமில்லை, உனக்கும் வேண்டாம்.

பிரசவத்துக்கு வருகிறேன். எங்கள் காட்சியும் அதே வாரம்தான். காட்சி இல்லாமலே கிளம்பிவிடுகிறேன் என்று இந்த நிறுவனத்தின் இயக்குநரிடம் சொல்லியாயிற்று. அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

எப்படியும் வேலை பாதியில் நிற்கிறது. ஓர் ஆள் உட்கார்ந்தால் அற்புதமாக வருகிறது. காவலாளியை உட்காரவைத்து, மூச்சைப் பிடிக்கும் பட்டையை மார்பில் கட்டினோம். தன் மூச்சோடு அறையே ஏறி இறங்குவதைப் பார்த்தவர் எழுந்திருக்க மாட்டேன் என்றார். இரண்டு பேர் உட்கார்ந்தால்தான் வம்பு. இரண்டு மூச்சையும் கலந்து ஒரே வெளிச்சமாக்கப் பார்க்கிறோம். அது துணி அலசிய தண்ணீர் மாதிரி கலங்கி நிற்கிறது. பார்வையிட வந்த குழுவில் ஒருவர், "ஒருத்தருக்கு மட்டும்னு வச்சுக்கலாமே" என்றார். "தனியா மூச்சு விடறதுக்கு அவங்கவங்க வீடே போதுமே சார்" என்றேன். நிரல் எழுதும் பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சொல்லிவிட்டேனே தவிர, வழி தெரியவில்லை.

உப்பைக் குறை. இடது பக்கம் சாய்ந்து படு.

அம்மா


ஜூன் 21

அம்மா,

பயப்படாதே, நல்ல செய்திதான். பரிசோதனைக்குப் போனேன். வயிற்றில் பட்டையைக் கட்டி, விரலில் ஒரு கிளிப்பை மாட்டினார்கள். திரையில் இதயத் துடிப்பைக் காட்டும் இரண்டு கோடுகள். ஒன்று ஓட்டமாக ஓடுகிறது, அது உள்ளே இருப்பவருடையது. இன்னொன்று நான், சாவகாசமாக நடக்கிறேன். "ரெண்டும் ஒண்ணா வர வேணாமா?" என்று நர்ஸிடம் கேட்டேன். "ஒண்ணா வந்தா, உங்களோடதையே ரெண்டு தடவை புடிச்சிட்டிருக்கோம்னு அர்த்தம்மா. தனித்தனியா வந்தாத்தான் ரெண்டு பேரும் இருக்கீங்க" என்றார்.

எனக்கு உடனே உன் அலசல் தண்ணீர் ஞாபகம் வந்தது. ஏன் அம்மா கலக்குகிறாய்? கணக்கு டீச்சர் சொல்கிறேன், இரண்டையும் கூட்டாதே. பக்கத்துப் பக்கத்தில் விட்டுப் பார்.

இன்னொன்று. உங்கள் நிறுவனம் வெளியிட்ட வீடியோ அத்தையின் போனுக்கு எப்படியோ வந்துவிட்டது. என் முன்னால் நீட்டி, "இது உங்கம்மாதானே?" என்றார். ஆமாம் என்றேன். "பயிற்சின்னு சொன்னே?" என்றார். முழுதும் பார்த்தார். திரும்பவும் போட்டுப் பார்த்தார். "இதை ஏன்டி மறைச்சே?" என்றார். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

ஆகவே, நீ வர வேண்டாம். அவர் லீவு போடுகிறார், அத்தை இருக்கிறார். வேலையை முடித்துவிட்டு வா. பாதியில் விட்டுவிட்டு வந்தாயானால் கதவைத் திறக்க மாட்டேன்.

குட்டிமா


ஆகஸ்ட் 24

என் தங்கமே,

நேற்று கதவைத் திறந்தோம். வாசலிலிருந்து தெரு முனை வரைக்கும் வரிசை. கறுப்புச் சுவரில் வெள்ளை எழுத்தில் என் பெயர். இத்தனை வருஷத்தில் எந்த நாடக நோட்டீஸிலும் அது வந்ததில்லை. நிரல் எழுதும் பெண்ணுக்குத் தெரியாமல் கையால் தடவிப் பார்த்தேன். தெரிந்துதான் இருக்கும்.

நீ சொன்னபடியே கலக்காமல் விட்டோம். ஒரு பக்கச் சுவரில் ஒருவரின் மஞ்சள், எதிர்ச் சுவரில் மற்றவரின் நீலம். அவரவர் மூச்சு, அவரவர் வேகம். எப்போதாவது இரண்டும் தானாகச் சேர்ந்து ஏறும். அந்த நேரத்தில் அறையில் ஒருவரும் அசைவதில்லை. சுவரில் என் பெயருக்குக் கீழே, நன்றி என்ற இடத்தில், 'கணக்கு டீச்சர்' என்று போட்டிருக்கிறேன்.

முதல் ரயிலில் யார் வந்தது தெரியுமா? உன் மாமியார். சொல்லாமல் கொள்ளாமல் வந்து வரிசையில் நிற்கிறார். ஜோடியாகத்தான் உள்ளே போக வேண்டும் என்றதும் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். அவருடைய நீலம் நிதானமாக ஏறி இறங்குகிறது. என் மஞ்சள் படபடக்கிறது. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இன்னுமா சம்பந்தி பயப்படறீங்க? அதான் நல்லா வந்திருக்கே" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது, அதுவும் சுவரில் தெரிந்துவிட்டது. வெளியே வந்து வரிசையில் நின்றவர்களிடம், "எங்க சம்பந்தி செஞ்சது, பொறுமையா நின்னு பாருங்க" என்று ஒவ்வொருவரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். தாடிக்காரர் அவருக்கு நாற்காலி போட்டுக் கொடுத்தார்.

அடுத்த வருஷமும் வந்து இதையே பெரிதாகச் செய்ய முடியுமா என்று இயக்குநர் கேட்கிறார். மகளைக் கேட்டுச் சொல்கிறேன் என்றிருக்கிறேன்.

காட்சி பத்து நாள். முடிந்த மறுநாளே கிளம்புகிறேன்.

அம்மா


ஆகஸ்ட் 29

அம்மா,

பெண் குழந்தை. அவர் போனில் சொல்லியிருப்பார். மீதியை நான் சொல்ல வேண்டும் என்றுதான், கையில் ஊசி ஏறிக்கொண்டிருக்கும்போதே இதை எழுதுகிறேன். நீ அங்கிருந்து கிளம்புவதற்குள் வந்து சேர்ந்துவிடும். நானும் அவளும் நன்றாக இருக்கிறோம். மூக்கு யாருடையது என்று அத்தைக்கும் அவருக்கும் காலையிலிருந்து வழக்கு நடக்கிறது.

அடுத்த வருஷத்தைப் பற்றி மகளைக் கேட்டுச் சொல்வதாக எழுதியிருந்தாயே. மகளை ஏன் கேட்கிறாய்? சரி என்று எழுதிக் கொடுத்துவிட்டு ரயில் ஏறு. அடுத்த தடவை நான் இவளைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நிற்பேன்.

இந்த வார்டில் ஒவ்வொரு படுக்கைக்குப் பக்கத்திலும் ஓர் அம்மா உட்கார்ந்திருக்கிறார். பக்கத்துப் படுக்கைக்காரியின் அம்மா என்னைப் பாவமாகப் பார்த்து, "உங்கம்மா வரலையாம்மா?" என்று கேட்டார்.

"எங்கம்மா ஒரு கலைஞர். அவங்களோட காட்சி நடந்துட்டிருக்கு, ஜனங்க வரிசையில நின்னு பார்க்கறாங்க" என்றேன். என்ன காட்சி என்று கேட்டார். கொஞ்சம் நகர்ந்து உட்காரச் சொல்லி, முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தேன்.

உன் மகள்