வாசிக்காமல் வைத்த கையெழுத்து

காருக்குள் இன்னும் உம்முடைய பெட்டியின் மணம் நிற்கிறது. கந்தகமும் வினாகிரியும் பழைய மஞ்சளும் சேர்ந்த மணம். கண்ணாடி நாலையும் இறக்கிவிட்டு, இந்தக் குளிருக்குள் நடுங்கிக்கொண்டு ஸ்காபரோ முழுக்க ஓடிப் பார்த்துவிட்டேன். போகவில்லை. போய்விட்டால் என்ன செய்வேன் என்றும் தெரியவில்லை.

காலையில் உம்முடைய அவர் போன் எடுத்தார். "தங்கச்சி, அவவின்ரை போத்தலுகளைக் குப்பையிலை போடக் கூடாதாம். சிற்றியின்ரை ஆபத்தான கழிவு எடுக்கிற இடத்திலைதான் குடுக்க வேணுமாம். என்னாலை ஏலாது, நீங்கள் ஒருக்காக் கொண்டு போவியளே?" என்றார். நீர் கண்ணை மூடி ஏழு மாதம். எனக்கு ஓம் என்று சொல்வதைத் தவிர வேறு என்ன வழி?

இருபது வருடம் ஒரே தொழிற்சாலையில், ஒரே மேசையில் நின்று மாத்திரைப் பெட்டி அடைத்தவர்கள் நாங்கள். நீர் யாழ்ப்பாணத்தில் இரசாயனம் படிக்கப் போய், இரண்டாம் வருடத்தில் சண்டை வந்து, பாதியில் ஓடி வந்தவர். அந்தப் பாதிப் படிப்பு உம்மைச் சும்மா இருக்க விடவில்லை. நாங்கள் சீலைக்கும் நகைக்கும் அலைந்தோம், நீர் சோதனைக்குழாய்க்கு அலைந்தீர். இணையத்தில் அந்தச் சாமான் விற்கிறவர்கள், வீட்டு முகவரிக்கு அனுப்பமாட்டோம் என்று எழுதினால் உமக்குப் பற்றிக்கொண்டு வரும். "நான் என்ன குண்டே செய்யப் போறன்? கண்டறியாத சட்டம்!" என்று மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் நீர் கத்த, நாங்கள் புரையேறச் சிரித்திருக்கிறோம்.

பிறகு தமிழ்க் கடைக்கே போனீர். படிகாரம், வெற்றிலைச் சுண்ணாம்பு, மஞ்சள்தூள். மஞ்சளை ஸ்பிரிட்டில் கரைத்து, கோப்பி வடிக்கிற தாளை அதில் தோய்த்து, காயவைத்து, விரலகலத்துக்கு வெட்டி ஒரு போத்தலுக்குள் அடைத்து வைப்பீர். சனிக்கிழமைப் பின்னேரங்களில் உம்முடைய பேஸ்மென்ட் குசினியில் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள் நெருக்கியடித்து நிற்பார்கள். மஞ்சள் தாளைச் சவர்க்காரத் தண்ணீருக்குள் விட்டால் சிவக்கும், வினாகிரிக்குள் விட்டால் திரும்ப மஞ்சளாகும். என் மகள் முதல்நாள் அதைப் பார்த்துவிட்டு, "அம்மா, கோயில் குங்குமம் மாதிரி!" என்று துள்ளினாள். உமக்குப் பிள்ளை இல்லை. அந்த இரண்டு மணித்தியாலத்தில் அது உமக்கு மறந்துபோவதை நான் பார்த்திருக்கிறேன்.

இரண்டு வருடத்துக்கு முன்னர்தான் எல்லாம் கெட்டது. மகளின் பள்ளிக்கூடத்தில் கிரேட் பதினொன்று உயிரியலில் கூர்ப்பு படிப்பிப்பார்கள். உயிர்கள் தலைமுறை தலைமுறையாக மாறி வந்த வரலாறு. விரும்பாத பெற்றோரின் பிள்ளைகளுக்கு அது வேண்டாம் என்று சிலர் மனு எழுதினார்கள். எல்லாச் சமயத்தவர்களும் அதில் இருந்தார்கள். வேறு ஒன்றுக்கும் சேராதவர்கள் இதற்கு ஒன்றாய்ச் சேர்ந்தார்கள். நீர் வெள்ளி தவறாமல் கோயிலுக்குப் போகிறவர். நெற்றியில் திருநீற்றோடுதான் அந்த மனுவை எதிர்த்தீர். "கடவுள் உதுக்கெல்லாம் கோவிக்கமாட்டார். வாசிச்சுப்போட்டு நம்பாமல் விடட்டும். வாசிக்காமல் விடக் கூடாது" என்றீர். மனுவைப் பற்றிப் பள்ளிக்கூடம் வைத்த கூட்டத்தில் முதலில் நீர் பேசுவது, உமக்குப் பிறகு நான் பேசுவது என்று முடிவெடுத்தோம். நான் ஐந்து வரி எழுதிக்கொண்டேன். நீர் அதைத் திருத்தித் தந்தீர்.

கூட்டத்தில் மனுவின் பிரதிகளைக் கையெழுத்துகளோடு வரிசை வரிசையாகக் கொடுத்தார்கள். நீர் இரண்டாம் பக்கத்தைத் திருப்பினீர். உம்முடைய விரல் ஓரிடத்தில் நின்றது. எட்டிப் பார்த்தேன். என் பெயர். என் கையெழுத்து.

ஐயோ, அது எப்படி வந்தது என்று எனக்கு உடனேயே விளங்கிவிட்டது. மூன்று கிழமைக்கு முன்னர் கோயில் அன்னதான வரிசையில் ஒரு கையில் தட்டோடு நின்றபோது மச்சாள் ஒரு தாளை நீட்டினாள். "எல்லாரும் வைச்சிட்டினம், நீரும் வையும்" என்றாள். கார் நிறுத்த இடம் கேட்கிற மனு என்று நினைத்தேன். எங்கள் சனம் சொந்தக்காரர் நீட்டிய தாளை எந்தக் காலத்தில் வாசித்தது? பருப்புக் கறி சிந்தாமல் பார்த்துக்கொண்டு கையெழுத்து வைத்தேன்.

நீர் அந்தத் தாளை மடித்து உம்முடைய கைப்பைக்குக் கீழே வைத்தீர். பிறகு எழும்பிப் பேசினீர். பின்னுக்கிருந்து ஒரு தமிழ்க் குரல், "பிள்ளை இல்லாதவவுக்கு உதிலை என்ன அலுவல்?" என்றது. இன்னொன்று, "பேஸ்மென்டுக்குள்ளை என்ன காய்ச்சுறா எண்டு முதல் கேளுங்கோ" என்றது. சிரித்தார்கள். இவருக்கு ஆதரவாக வேறு யாராவது பேசுகிறீர்களா என்று தலைவர் கேட்டார். மற்றப் பக்கத்தில் இருந்த மச்சாள் என் முழங்காலில் கை வைத்தாள். ரூஜ் பக்கத்தில் அவளுடைய வீட்டு மேல்மாடியில்தான் நாங்கள் இருக்கிறோம். எழும்பி, அது நான் வாசிக்காமல் வைத்தது, என் பெயரை வெட்டுங்கோ என்று சொல்ல ஒரு நிமிடம் போதும். நான் எழும்பவில்லை. நீர் திரும்பி என்னைப் பார்க்கவும் இல்லை.

வெளியில் வந்து, "குளிருது, வாரும் போவம்" என்று வழமைபோல என்னைக் காரில் ஏற்றினீர். பாதி வழியில்தான் கேட்டீர்.

"வாசிச்சனீரோ?"

"இல்லை."

"வாசிச்சுப்போட்டு வைச்சிருந்தால் எனக்குக் கோவம் வந்திராது."

அதற்குப் பிறகு அந்தக் கதையை நீர் எடுக்கவேயில்லை. திட்டியிருக்கலாம். அறுந்துபோவாள் என்றாவது சொல்லியிருக்கலாம். மேசையில் பக்கத்தில் நின்று பெட்டி அடைத்தீர், தோசை கட்டிக்கொண்டு வந்தால் எனக்கும் ஒன்று தந்தீர்.

பிள்ளைகள் ஒவ்வொன்றாக வராமல் நின்றன. நீர் வாடகைக்கு இருந்த வீட்டின் சொந்தக்காரரிடம் யாரோ சொல்லி, அவர் வந்து அலுமாரியைத் திறந்து பார்த்தார். அடுத்த நாள் நீர் எல்லாவற்றையும் பெட்டியில் கட்டினீர். என் மகளும் வரவில்லை. நான்தான் மறித்தேன். மச்சாளோடு ஏன் பிரச்சினை என்று. இதையும் எழுதத்தானே வேண்டும்.

பள்ளிக்கூடம் மனுவை ஏற்கவில்லை. வென்றுவிட்டோம் என்று நான் உமக்குப் போன் எடுத்தேன், வெட்கமில்லாமல். நீர் சிரித்தீர். "பொறுத்துப் பாரும். வேண்டாம் எண்டு ஒருத்தரும் சொல்லமாட்டினம். நேரம் காணாமல் போச்சு எண்டுதான் சொல்லுவினம்" என்றீர். மகள் கிரேட் பதினொன்று முடித்தபோது அவளுடைய உயிரியல் கொப்பியைப் புரட்டிப் பார்த்தேன். கூர்ப்பு என்ற தலைப்பு இருந்தது, கீழே வெறும் தாள். "They ran out of time அம்மா, அது exam-க்கு வராது" என்றாள். அப்போது நீர் ஆஸ்பத்திரியில். உம்மிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

முப்பத்தோராம் நாள் நினைவு மலரில் உம்மைச் சமையற்கலையில் வல்லவர் என்று போட்டார்கள். இரசாயனம் என்ற சொல்லே இல்லை. நான் அந்தக் கூட்டத்தைப் பற்றி எழுதிக் கொடுத்திருந்தேன். அச்சில் வந்தது, எல்லோரோடும் அன்பாகப் பழகினார் என்ற ஒரு வரி. மலருக்குப் பொறுப்பாய் நின்ற மச்சாள் திருத்தியிருக்கிறாள். அப்போதும் நான் ஒன்றும் கேட்கவில்லை.

இன்று அந்தக் கழிவு எடுக்கிற இடத்தில் கையுறை போட்ட ஒரு மனிதர் பெட்டியைத் திறந்தார். எல்லாவற்றிலும் உம்முடைய கையெழுத்தில் தமிழ். நான் ஒவ்வொன்றாக வாசித்துச் சொன்னேன்: மயில்துத்தம், கந்தகம், அமோனியா. ஊரே பயந்த பெட்டி. பாதிக்கு மேல் பலசரக்குக் கடைச் சாமான் என்று அவர் சிரித்தார். மஞ்சள் தாள் போத்தலைத் திருப்பித் தந்தார், இதில் ஆபத்து ஒன்றும் இல்லை, வீட்டில் வைத்திருக்கலாம் என்று. அது இப்போது என் கோட்டுப் பைக்குள், நான் பேசாத ஐந்து வரியோடு கிடக்கிறது. நீர் சிவப்புப் பேனையால் திருத்திய இடங்கள் இன்னும் மங்கவில்லை.

பிறகு ஒரு படிவத்தை நீட்டினார். பின்னால் கார்கள் ஹோர்ன் அடித்தன. நான் நின்று முழுவதையும் வாசித்தேன், இரண்டு தரம். இவற்றை என் சொந்த விருப்பத்தில் கைவிடுகிறேன், இனித் திருப்பிக் கேட்கமாட்டேன் என்று எழுதியிருந்தது.

வாசித்துவிட்டுத்தான் கையெழுத்து வைத்தேன்.